சிரிப்பும் அருவருப்பும் ஒரே நொடியில்: 'ஹெட்ஹண்டர்ஸ்' பார்க்கும் அரங்கில் என்ன நடக்கிறது

நார்வேயில் 2011 ஆகஸ்ட் 26 அன்று வெளியான 'ஹெட்ஹண்டர்ஸ்' படத்தை நாலு பேரோடு உட்கார்ந்து பார்த்தால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். ஒரே காட்சிக்கு ஒருவர் கண்ணைப் பொத்திக்கொள்வார். பக்கத்தில் இருப்பவர் வாய்விட்டுச் சிரிப்பார். அவர் சிரிப்பதைப் பார்த்து மூன்றாமவர் முகம் சுளிப்பார். ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று இதை விட்டுவிடலாம். ஆனால் இந்தப் படத்தில் அந்த மூன்று எதிர்வினைகளும் ஒரே வேலைப்பாட்டிலிருந்து பிறக்கின்றன. இயக்குநர் மோர்டன் டில்டும் சிரிப்பு வசனம் எழுதி நம்மைச் சிரிக்க வைக்கவில்லை. உயிர் தப்ப ஒரு மனிதன் அடுத்தடுத்து என்னென்ன செய்தாக வேண்டுமோ, அதை ஒரு படி கூட விடாமல் காட்டுகிறார். அடுத்த படி என்ன என்பது பாத்திரத்துக்கு உறைப்பதற்கு ஒரு நொடி முன்பே நமக்கு உறைத்துவிடுகிறது. அந்த ஒரு நொடிதான் இந்தப் படத்தின் நகைச்சுவை, அதன் பயங்கரமும் அதுவேதான்.

படத்தின் முக்கியத் திருப்பங்கள் எல்லாம் கீழே வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது. 100 நிமிடம்தான்.

ஜோ நெஸ்போ 2008இல் எழுதிய நாவல் இதன் மூலம். லார்ஸ் குட்மெஸ்டாடும் உல்ஃப் ரைபெர்கும் திரைக்கதை எழுதினார்கள். தயாரித்த நிறுவனங்களில் ஒன்று யெல்லோ பேர்ட். ஸ்டீக் லார்சனின் குற்ற நாவல்களிலிருந்து 2009இல் வந்த ஸ்வீடனின் மில்லெனியம் படங்களும் அந்த நிறுவனத்தினுடையவையே. ஆகவே பல நாடுகளின் பார்வையாளர்கள் ஒரு முன்முடிவோடு வந்து உட்கார்ந்தார்கள்: பனி, இருட்டு, சோர்ந்த துப்பறிவாளர், பழைய குடும்ப ரகசியம். முதல் அரை மணி நேரம் படம் அந்த எதிர்பார்ப்பைக் கலைப்பதில்லை. அதனால் முதல் பெரிய சிரிப்பு வெடிக்கும்போது அரங்கில் ஒரு தயக்கம் தெரியும். இதற்குச் சிரிக்கலாமா கூடாதா என்று பக்கத்து இருக்கையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பவர்கள் உண்டு.

நார்வேயில் அந்தத் தயக்கத்துக்கு வேறொரு பின்னணியும் இருந்தது. ஜூலை 22இல் ஓஸ்லோவிலும் ஊட்டாயா தீவிலும் 77 பேர் கொல்லப்பட்டு ஐந்தே வாரம் ஆகியிருந்தது. அந்த நிலையிலும் சுமார் 50 லட்சம் மக்கள்தொகை உள்ள நாட்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றன. பிரிட்டனில் 2012 ஏப்ரலில் வெளியானது. 2013இல் ஆங்கிலம் அல்லாத மொழிப் படங்களுக்கான பாஃப்டா (பிரிட்டனின் திரைப்பட விருது) பரிந்துரைப் பட்டியலில் இடம் பிடித்தது. இவ்வளவு உள்ளூர்த்தன்மை உள்ள ஒரு படம் எல்லை தாண்டியும் அதே இடங்களில் சிரிப்பை வாங்கியதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் அரை மணி நேரத்தில் சிரிக்க அதிகம் இல்லை. இருக்கவும் கூடாது. ரோஜர் பிரவுன் பெரிய நிறுவனங்களுக்கு உயரதிகாரிகளைத் தேடித் தருபவர். ஆக்செல் ஹென்னி நடித்திருக்கிறார். தன் உயரம் 1.68 மீட்டர் என்று அவரே நம்மிடம் சொல்லிவிடுகிறார். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் மற்றதெல்லாம். கண்ணாடிச் சுவர் வீடு, மடிப்புக் கலையாத சூட், ஜெல் தடவி வாரிய முடி, தன்னைவிட உயரமான மனைவி டயானா, அவளுக்காக ஒரு கலைக்கூடம். சம்பளம் போதாததால் வேலை தேடி வருபவர்களிடம் நேர்முகத்திலேயே வீட்டில் நாய் உண்டா, பகலில் யார் இருப்பார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர்கள் வீட்டு ஓவியத்தை எடுத்துவிட்டுப் போலியை மாட்டிவிட்டு வருகிறார். இதற்கென விதிகள் வைத்திருக்கிறார். பத்து நிமிடத்துக்கு மேல் உள்ளே நிற்கக் கூடாது. டி.என்.ஏ. தடயம் விடக் கூடாது.

இந்தப் பகுதி மெதுவாக இருப்பதாகச் சொல்பவர்கள் நிறைய. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இங்கே காட்டப்படும் ஒவ்வொன்றும் பின்னால் பறிபோகப்போகிற பொருள். சூட் போகும், வீடு போகும், முடி போகும், தடயம் விடாதவன் என்ற பெருமையும் போகும். இவற்றை முதலில் அவர் உடம்பில் ஏற்றிக் காட்டாவிட்டால் பின்னால் இறக்கும்போது யாரும் சிரிக்கப்போவதில்லை. தாமதமாக வந்து பதினைந்தாவது நிமிடத்தில் உட்காருகிறவர்களுக்குப் பின்பாதி வெறும் அசிங்கமாகவும் வன்முறையாகவும் தெரிவது இதனால்தான்.

முதல் உண்மையான சிரிப்பு ஊவேயிடம் வருகிறது. ரோஜரின் திருட்டுக் கூட்டாளி அவன். பாதுகாப்பு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே அலாரத்தை அணைத்துக் கொடுப்பவன். ஒரு காலையில் ரோஜரின் கார் நிறுத்துமிடத்தில், ரோஜரின் காருக்குள்ளேயே பிணம்போலக் கிடக்கிறான். ரோஜருக்காக இருக்கையில் வைக்கப்பட்ட விஷ ஊசி அவனைக் குத்தியிருக்கிறது. போலீசுக்குப் போக வழியில்லாத ரோஜர் அவனை ஏரியில் தள்ளுகிறார். தள்ளிய பிறகுதான் அவன் சாகவில்லை என்று தெரிகிறது. அரங்கு சிரிக்கிறது. ஆனால் அடுத்த சில நிமிடங்களில் அந்தச் சிரிப்புக்கு விலை வாங்கிவிடுகிறார் டில்டும். உயிரோடு இருப்பவனுக்கு மருத்துவமனை வேண்டும், மருத்துவமனை என்றால் கேள்விகள் வரும். மறுக்கிறார் ரோஜர். துப்பாக்கி வெளியே வருகிறது. சற்று முன் நாம் பார்த்துச் சிரித்த அதே ஆள் நிஜமாகவே சாகும்போது கூடம் அமைதியாகிவிடும். இந்த இடத்தில் எரிச்சலாகி எழுந்து போகிறவர்களைப் புரிந்துகொள்ள முடிகிறது. சிரிக்க அனுமதி கொடுத்துவிட்டு அதைப் பறிப்பது அவர்களுக்கு ஏமாற்றாகப் படுகிறது. படத்தின் ஒப்பந்தம் என்ன என்று அறிவிக்கப்படுகிற இடமே அதுதான் என்பது என் எண்ணம். இனி எதற்குச் சிரித்தாலும் அதற்குப் பின்னால் ஒரு உடம்பு இருக்கும்.

அடுத்து எல்லோரும் பேசும் கழிப்பறைக் காட்சி. ரோஜர் யாரிடமிருந்து ஓவியம் திருடினாரோ அந்த கிளாஸ் கிரேவே, ஜி.பி.எஸ். கண்காணிப்புத் தொழிலில் இருந்தவன், நாயோடு துரத்தி வருகிறான். டென்மார்க் நடிகர் நிக்கோலாய் கோஸ்டர்-வால்டாவ் இந்தப் பாத்திரம். ரோஜர் ஒளிந்திருப்பது ஒரு பண்ணையில், வீட்டுக்கு வெளியே தனியாக நிற்கும் மரக் கழிப்பறையில். பலகையில் ஒரு துளை, கீழே நிரம்பிய குழி. ஓட வழியில்லை. பார்வையாளர் கண் முன்னால் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. மிச்சம் இருப்பது அந்தத் துளை மட்டும்தான் என்பது ரோஜர் கீழே குனிவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிடும். கூடத்தில் 'ஐயோ' என்ற முனகல் எழுவது அவர் இறங்கிய பிறகு இல்லை, இறங்குவதற்கு முன்.

அதோடு நிறுத்தியிருந்தால் சாதாரண அருவருப்புக் காட்சியாகப் போயிருக்கும். முழுக்க மூழ்கினால் மூச்சுக்கு என்ன வழி என்ற கேள்விக்கும் படம் விடை வைத்திருக்கிறது. டாய்லெட் பேப்பர் சுற்றியிருக்கும் அட்டைக் குழல். அதை வாயில் வைத்துக்கொண்டு ரோஜர் உள்ளே போகிறார். சிரிப்பு வெடிப்பது அந்தக் குழலைப் பார்த்ததும்தான். அது நடைமுறைக்குச் சரியான யோசனை என்று நம் மூளை ஒப்புக்கொள்கிறது, அந்த ஒப்புதலே சிரிப்பாகிறது. அருவருப்பு குறைந்ததால் வரும் சிரிப்பு இது இல்லை. அருவருப்பு உச்சத்தில் இருக்கும்போதே புத்திசாலித்தனத்தைக் கண்டுகொள்வதால் வருவது. முகம் சுளிப்பவரும் சிரிப்பவரும் அதே நொடியில் அதே குழலைத்தான் பார்க்கிறார்கள். சுளிப்பவரின் கவனம் குழியில் இருக்கிறது, சிரிப்பவரின் கவனம் குழலில்.

தப்பித்து வெளியேறுபவர் அடுத்து டிராக்டரில் ஏறுகிறார், நாய் பாய்கிறது. அதன் முடிவில் டிராக்டரின் முன்முட்கரண்டியில் நாய் குத்துண்டு தொங்க, உடம்பெல்லாம் கழிவோடு ஒரு மனிதர் கிராமத்துச் சாலையில் ஓட்டிக்கொண்டு போகிறார். படத்திலேயே மிகத் தெளிவாகக் கூடம் பிளவுபடும் இடம் இது. மனிதர்கள் செத்தபோது சிரித்தவர்கள்கூட நாய்க்குச் சிரிக்க மறுப்பார்கள். இது பாசாங்கு இல்லை. நாய்க்கு இந்தக் கதையில் எந்தக் குற்றமும் கிடையாது, சொன்னதைச் செய்தது அவ்வளவே. இந்தக் கதையில் செத்த மற்ற பலருக்கும் ஏதாவது ஒரு பேராசை இருந்தது. நாய் வளர்ப்பவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னால் காட்சி கெடாது. சொல்லாவிட்டால் அந்த ஒருவர் மீதிப் படத்துக்கு வெளியே உட்கார்ந்திருப்பார்.

அதற்குப் பிறகு வரும் போலீஸ் கார் காட்சி பார்வையாளரை மறுபடி ஒன்று சேர்க்கிறது. ரோஜரைக் கைது செய்து பின் இருக்கையில் உட்கார வைக்கிறார்கள். அவருக்கு இரு புறமும் மிகப் பருமனான போலீஸ்காரர்கள், இரட்டையர். 1.68 மீட்டர் மனிதர் நடுவில் நசுங்கி உட்கார்ந்திருக்கும் சட்டகத்துக்கு முதல் சிரிப்பு. லாரியில் வந்து கிரேவே காரை மலைச்சரிவில் தள்ளிவிடும்போது கார் உருண்டு விழுகிறது. உள்ளே இருந்தவர்களில் ரோஜர் மட்டும் பிழைக்கிறார். காரணம் அந்த இரண்டு உடம்புகள். முதலில் கேலியாகப் பார்த்த ஒன்று இப்போது இயற்பியல் விடையாகத் திரும்பி வருகிறது. இங்கே சிரிப்பு உடனே வராது, ஒரு மூச்சு தள்ளித்தான் வரும். விழுந்த அதிர்ச்சி அடங்கி, 'ஓ, அதனால்தானா' என்று கணக்குப் புரிந்த பிறகு. அதற்குள் செத்தவர்களின் முகமும் திரையில் இருக்கிறது. ஆகவே பாதியிலேயே அடங்கும் சிரிப்பு.

போன இடமெல்லாம் கிரேவே எப்படி வந்துவிடுகிறான் என்ற புதிருக்கு விடையும் ஒரு பொருளில்தான் இருக்கிறது. முடியில் தடவிய ஜெல்லில் நுண்ணிய கண்காணிப்புக் கருவிகள். ரோஜர் தலையைச் சிரைத்துக்கொள்கிறார். அப்படி ஒரு தொழில்நுட்பம் நம்பும்படி இல்லை என்று குறை சொல்பவர்கள் சொல்வது நியாயம்தான், அறிவியலாக அது பலவீனம். ஆனால் கூடத்தில் பெரும்பாலானோர் அதை விழுங்கிவிடுகிறார்கள். முதல் அரை மணி நேரத்தில் அந்த முடியை அத்தனை கவனமாகக் காட்டியதன் பலன் அது. உயரத்தை ஈடுகட்டச் செய்த அலங்காரமே காட்டிக்கொடுக்கிறது என்பதன் பொருத்தம், கருவி சாத்தியமா என்ற கேள்வியை அழுத்திவிடுகிறது.

இத்தனை கூத்துக்கு நடுவில் படத்தைத் தாங்குவது டயானாவோடு ரோஜர் பேசும் காட்சி. குழந்தை வேண்டும் என்று கேட்டவளுக்குப் பணத்தையும் பொருளையும் கொடுத்துச் சமாளித்தவர், எல்லாம் இழந்து மொட்டைத் தலையோடு வந்து உண்மையைச் சொல்கிறார். இதற்கு மட்டும் யாரும் சிரிப்பதில்லை. யாராவது சிரித்தால் அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் வேலை செய்யவில்லை என்று பொருள். மாறாக, ரோஜரின் காதலி லோட்டேயின் சாவுதான் படத்தின் பலவீனமான இடம். அவளுக்கு முழு மனுஷியாக இருக்க நேரமே தரவில்லை படம். அவள் செய்த துரோகம் கதைக்குத் தேவைப்பட்டது, செய்ததும் அகற்றப்படுகிறாள். அங்கே எழும் அமைதி டயானா காட்சியின் அமைதி போன்றது இல்லை. பார்ப்பவர்கள் படத்தைவிட்டு ஒரு அடி விலகி நிற்கும் அமைதி அது.

கடைசிப் பத்து நிமிட விளக்கம் குறித்து இரண்டு கட்சி உண்டு. கிரேவேயின் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டாக்களை டயானா மாற்றி வைத்தது, ஊவே வீட்டின் கண்காணிப்புக் கேமராவைப் பயன்படுத்தியது எல்லாம் வேகமாகக் காட்டப்படுகிறது. தொலைக்காட்சியில் முகம் காட்ட ஆசைப்படும் போலீஸ் அதிகாரிக்குக் கைக்கு அடக்கமான ஒரு பொய்யை விட்டுச்செல்வதும் அதில் அடக்கம். அத்தனை முடிச்சும் அவிழ்வது சிலருக்குத் திருப்தி, சிலருக்கு அதிகப்படியான சுத்தம். சேறும் கழிவுமாக ஓடிய கதை மறுபடி இஸ்திரி போட்ட சட்டைக்குள் போய்விடுகிறது என்ற புகாரில் உண்மை இருக்கிறது.

இனி, எல்லை தாண்டிய விஷயம். சப்டைட்டிலில் ஒரு வரி முழுதாகத் திரையில் விழும். நடிகர் பாதி வாக்கியம் பேசுவதற்குள் வாசிப்பவர் கடைசிச் சொல்லை எட்டிவிடுவார். வசன நகைச்சுவை இதில் அடிபடும், சிரிப்பு முன்னும் பின்னுமாகச் சிதறும். 'ஹெட்ஹண்டர்ஸ்' படத்தின் பெரிய சிரிப்புகளில் வசனமே இல்லை. குழல், முட்கரண்டி, இரண்டு பருத்த உடம்புகள். மொழி தெரியாதவருக்கும் ஓஸ்லோக்காரருக்கும் ஒரே சட்டகத்தில் விடை கிடைக்கிறது.

ஒப்பிட 2014இல் ஹான்ஸ் பெட்டர் மோலண்ட் இயக்கிய நார்வேப் படம் 'கிராஃப்டிடியோட்டன்' நல்ல சாட்சி. பெர்லின் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் வந்த படம், சுமார் இரண்டு மணி நேரம். பனி அள்ளும் இயந்திரம் ஓட்டும் நில்ஸ், மகனைக் கொன்ற போதைக் கும்பலை ஒவ்வொருவராகத் தீர்க்கிறார். நில்ஸாக வருபவர் ஸ்வீடன் நடிகர் ஸ்டெல்லன் ஸ்கார்ஸ்கார்ட். பாத்திரமும் ஸ்வீடனிலிருந்து வந்து குடியேறியவர்தான். அவர் பேச்சில் உள்ள ஸ்வீடிஷ் வாடை நார்வேக்காரர் காதில் ஒவ்வொரு வாக்கியத்திலும் விழும், சப்டைட்டில் படிப்பவருக்கு அது சுத்தமாக இல்லை. வெயிலடிக்கும் நாடுகளில் ஏன் அரசு நலத்திட்டம் இல்லை என்று இரண்டு அடியாட்கள் காருக்குள் தர்க்கம் செய்யும் காட்சியும் அப்படித்தான். நார்வே ஜெயிலில் சாப்பாடும் பல் வைத்தியமும் எவ்வளவு நன்று என்று செர்பியக் கும்பல் பேசுவதும் அதே ரகம். வெளிநாட்டில் இவற்றுக்குப் புன்னகை கிடைக்கும், உள்ளூரில் சிரிப்பு.

அந்தப் படத்தில் எல்லா நாட்டிலும் வேலை செய்வது பெயர்ப் பலகைதான். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் கறுப்புத் திரையில் செத்தவரின் பெயரும் மதச் சின்னமும். முதல் பெயர் நில்ஸின் மகனுடையது. அப்போது யாரும் அசைவதில்லை, அது இரங்கல் அறிவிப்பு. இரண்டாவதுக்கும் அமைதி. மூன்று நான்கு ஆகும்போது பலகை வரப்போவது தெரிந்து முன்கூட்டியே சிரிப்பு கிளம்புகிறது. கடைசித் துப்பாக்கிச் சண்டைக்குப் பின் பெயர்கள் கூட்டமாக வந்து திரையை நிரப்பும்போது பெரிய சிரிப்பு. துக்கமாகத் தொடங்கிய ஒரு வடிவம் எண்ணிக்கையால் மட்டுமே சிரிப்பாக மாறுவதை அரங்கில் உட்கார்ந்து காதால் கேட்கலாம். தனியாக வீட்டில் பார்ப்பவருக்கு இது கிடைக்காது.

மோலண்டே 2019இல் இதை அமெரிக்காவில் 'கோல்ட் பர்சூட்' என்று எடுத்தார். கதையோட்டம் ஏறத்தாழ அதுவே, பெயர்ப் பலகையும் உண்டு. செர்பியர்களுக்குப் பதில் அமெரிக்கப் பழங்குடிக் கும்பல். நாயகன் லியாம் நீசன். குறை அவர் நடிப்பில் இல்லை. பத்து வருடமாகப் பழிவாங்கும் படங்களில் பார்த்த முகம் என்பதால் அவர் அடிக்கும்போது கைதட்டத் தயாராகவே கூட்டம் வந்து உட்கார்ந்தது. கைதட்டியவர்களுக்கு அடுத்து வரும் கறுப்புத் திரை வேகத்தடையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஸ்கார்ஸ்கார்டின் நில்ஸ் அப்போதுதான் ஊரின் சிறந்த குடிமகன் விருது வாங்கியவர். அவர் கையில் ரத்தம் படுவதே முதலில் நம்ப முடியாததாக இருக்கும்.

திரைப்படச் சங்கத்திலோ வீட்டிலோ இவற்றைப் போட நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைகள். முதலில் 'ஹெட்ஹண்டர்ஸ்', இன்னொரு நாள் 'கிராஃப்டிடியோட்டன்'. ஒரே நாளில் இரண்டும் வேண்டாம், இரண்டாவதன் நிதானம் அடிபடும். மூல ஒலியும் சப்டைட்டிலும் இருக்கட்டும். டப்பிங்கில் நார்வே நடிகர்களின் உணர்ச்சி காட்டாத குரலுக்குப் பதில் பதற்றக் குரல் வந்து உட்கார்ந்துவிடும். குரல் பதறினால் முகத்தின் அசையாமை அர்த்தமிழக்கும், சிரிப்பு செத்துவிடும். சப்டைட்டில் ஒத்திசைவைத் தொடக்கத்திலும் ஒரு மணி நேரம் தாண்டியும் இரண்டு இடத்தில் சரிபாருங்கள். தொடக்கத்தில் பொருந்தி இடையில் நழுவும் கோப்புகள் உண்டு. இடைவேளை விடாதீர்கள். 50ஆவது நிமிடத்தை ஒட்டி நிறுத்தினால் ஏறிக்கொண்டிருக்கும் இறுக்கம் கரைந்துபோய், மீதிப் படம் தனித்தனி அதிர்ச்சிகளாகச் சிதறும். நடு ஒரு மணி நேரத்தில் சாப்பாடு வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. சிறுவர்களோடு பார்க்கும் படம் இல்லை.

அறிமுகப் பேச்சு இரண்டு நிமிடம் போதும். அதில் நகைச்சுவை என்ற சொல் வரக் கூடாது. நகைச்சுவைப் படம் என்று சொல்லி உட்கார வைத்தால் முதல் அரை மணி நேரத்தில் சிரிப்பைத் தேடித் தேடிக் களைத்துவிடுவார்கள், ஊவே சாகும்போது கோபப்படுவார்கள். ஓவியத் திருட்டுப் பற்றிய திரில்லர் என்று மட்டும் சொல்லுங்கள். நாய், ஊசி, கழிப்பறை என்ற மூன்று எச்சரிக்கையைத் தேவைப்படுபவரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். முதல் தடவை பார்ப்பவர்களையும் ஏற்கெனவே பார்த்தவர்களையும் கலந்து உட்கார வைக்காமல், பார்த்தவர்களைப் பின்வரிசைக்கு அனுப்புவது நல்லது. அவர்கள் ரோஜர் கழிப்பறைக் கதவைத் திறக்கும்போதே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். குழல் வருவது முன்வரிசைக்குத் தெரிந்துபோகும்.